கூடத்தில் நின்ற வெள்ளம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு வெள்ளம் புகுந்த அன்று ஊரில் தூறல்கூட இல்லை. கடல்களுக்கு அப்பால் ஓர் ஆறு கரையை உடைத்துக்கொண்ட செய்தியை அவர் சோபாவில் சாய்ந்தபடி கைபேசியில் படித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு கட்டைவிரலால் அடுத்த செய்திக்குத் தள்ளினார். தண்ணீர் வடிந்து காட்டுத்தீயின் புகை சூழ்ந்தது. அதையும் தள்ளினார், பனி கொட்டியது. கணக்கு டீச்சரான அவர் மனைவி, நனைந்த விடைத்தாள்களைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, இனிமேல் சமையலறையில் உட்கார்ந்துதான் திருத்துவது என்று முடிவு செய்தார்.

முதல் வாரம் தெருவே திரண்டு வந்தது. மாடிவீட்டு நர்ஸ் வாளியோடும் எதிர்வீட்டுத் தையல்காரர் சாக்குத் துணியோடும் வந்தார்கள். ஆனால் ஒரு வாளி இறைப்பதற்குள் வெள்ளம் போய்ப் புழுதிப்புயல் வந்துவிடும். துடைப்பம் தேடுவதற்குள் அதுவும் போய்விடும். எதற்கு உதவுவது என்றே பிடிபடவில்லை. மாதம் திரும்புவதற்குள், அவர் வீட்டு ஜன்னலில் புகை வந்தால், மனிதர் எழுந்துவிட்டார் போல என்று சொல்லிக்கொண்டு பல் தேய்க்கப் போனார்கள்.

கடைக்காரரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஊரிலேயே அதிகம் கவலைப்பட்டவர் அவர்தான். ஒவ்வொரு துயரத்துக்கும் மனதார வருந்தினார், ஒரு தும்மல் போடும் நேரத்துக்கு. கடைக்குப் பார்வை சோதிக்க வந்தவர்கள் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் ஏதோ ஒரு நிலநடுக்கத்தில் இருப்பார். அலமாரியில் கண்ணாடிச் சட்டங்கள் கடகடவென்று ஆடும்.

ஒருநாள் பனி உருகிய தரையில் டீச்சர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது. "ஐயோ பாவம்," என்றார் கடைக்காரர், தலை நிமிராமல். கட்டைவிரல் பழக்கத்தில் நகர்ந்தது.

டீச்சர் அழவில்லை. தரையில் கிடந்தபடியே கேட்டார்: "என்னையும் தள்ளி விட்டுட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கைபேசி நழுவி விழுந்தது. அப்போது அதில் இருந்தது ஏதோ ஒரு வெள்ளச் செய்தி. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாவுக்கட்டோடு திரும்பியபோதும் கூடத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. அந்தச் செய்தியை மாற்ற அவருக்குக் கை வரவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சமைத்தார். டீச்சர் சொல்லச் சொல்ல விடைத்தாள்களில் மதிப்பெண் போட்டார். ஒரு தாளில் தப்பாகப் போட்டுத் திட்டும் வாங்கினார்.

சில நாள் கழித்து, கவிழ்ந்த பீரோ ஒன்றின் மேல் உட்கார்ந்து, கூண்டில் ஒரு சேவலோடு, ஒரு பெண்மணி கூடத்துக்குள் மிதந்து வந்தார். ரொட்டி சுடுகிறவர் என்பது முன்கையில் இருந்த அடுப்புத் தழும்புகளில் தெரிந்தது. அவர் பேச்சு ஒன்றும் புரியவில்லை. உலர்ந்த துணியும் டீயும் கொடுத்தார்கள். வீடும் அடுப்பும் போய்விட்ட அந்த அம்மா, முதல் வேலையாக மாவுக்கட்டைத் தொட்டு, எப்படி ஆயிற்று என்று சைகையில் கேட்டார். டீச்சர் கணவரைக் கைகாட்டினார். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கடைக்காரர் சேவலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை தண்ணீர் போகாததால் உதவிக்கு அவகாசம் கிடைத்தது. நர்ஸ் அந்த அம்மாவின் கால் புண்ணுக்கு மருந்து போட்டார். தையல்காரர் உடை தைத்தார். அந்த அம்மா டீக் கோப்பையைத் தடவித் தேடுவதைக் கவனித்த கடைக்காரர், கடைக்கு அழைத்துப்போய்ப் பொறுமையாகப் பார்வை சோதித்துக் கண்ணாடி செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் டீச்சரின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். வெள்ளம் வடியத் தொடங்கியதும் பீரோவில் ஏறி, சேவலோடு ஊருக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கடைக்காரர் ஒரு செய்தியைத் திறந்தால், அது ஓயும்வரை அதிலேயே இருந்தார். தெருவில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படிச் செய்து பார்த்தார்கள். தையல்காரர் வீட்டில் இப்போது, சரிந்த சுரங்கம் ஒன்றிலிருந்து வந்தவர் தங்கியிருக்கிறார். காலையில் உடம்பெல்லாம் கரியோடு அவர்தான் வாசலுக்கு வந்து பால் வாங்குகிறார். பால்காரர் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிக்கிறார்.