கைக்கு மருந்து

அன்று ஆபரேஷன் அங்கிகளுக்கு நாடா வைத்துத் தைக்கும் வேலை. பச்சைத் துணி, பச்சை நூல். பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறை அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது. நடுச்சுவரில் கை வைத்தால் எப்போதும் சுடும். வரிசையில் கடைசி மெஷின் அவளுடையது. காலால் விசையை அழுத்தி, இரண்டு கையாலும் துணியைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு நேராக வந்துகொண்டிருந்த ஓரம் திடீரென்று நெளிந்தது. காலை எடுத்துவிட்டுத் துணியை நீவிப் பார்த்தாள். விரலுக்கு நேராகத்தான் இருந்தது. கண்ணுக்குத்தான் நெளிந்தது.

இடது கண்ணை மூடினாள், நெளிவு குறைந்தது. வலதை மூடினாள். ஊசியைச் சுற்றியிருந்த எல்லாம் தெரிந்தன. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் புகை.

"என்ன, தூக்கமா?" மேஸ்திரி அடுத்த கட்டுத் துணியோடு வந்து நின்றார்.

"தூசி விழுந்துடுச்சுங்க."

"நீ கண்ணைக் கசக்கிக்கிட்டே இரு. மேல டாக்டருங்க பனியனோட ஆபரேஷன் பண்ணட்டும்."

அறையே சிரித்தது. அவளும் சிரித்து வைத்துவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஓரக்கண்ணால் பார்த்தால் ஊசி தெரிந்தது. அப்படியே தைத்து முடித்தாள்.

அவளுக்கு வந்த முடக்குவாதம் முதலில் பிடித்தது விரல்களைத்தான். காலையில் எழுந்தால் பத்து விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக் குடிப்பாள். புருஷன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். விடிந்து வந்ததும் அவளைப் பலகையில் உட்கார வைத்துத் தலைவாரி விடுவான். "இத்தனை வருஷமா பின்னல்னா என்னன்னே தெரியாத ஆளு நான். இப்ப கடை போடலாம் போல" என்பான். அவளுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பழைய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியதோடு சரி. மேஸ்திரி கொஞ்ச நாள் பிசிறு நூல் வெட்டும் வேலை கொடுத்துப் பார்த்தார். கத்தரிக்கோலையும் அவளால் பிடிக்க முடியவில்லை. "சரியானதும் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் மூட்டுப் பிரிவின் பெரிய டாக்டர் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். கடைக்கு இன்னும் வராத மருந்து. ஆராய்ச்சிக்காகக் கொடுக்கிறார்கள். அது சிலருக்குக் கண்ணைப் பாதிக்கலாம் என்றும், ஒவ்வொரு தடவையும் கண் பிரிவில் பார்ப்பார்கள் என்றும், பார்வையில் ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்றும், சொன்னதும் மருந்தை நிறுத்திவிடுவோம் என்றும் பொறுமையாகத்தான் விளக்கினார்கள். பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் அவள். ஆனாலும் பேனா பிடிக்க முடியாமல் அன்று கைநாட்டுத்தான் வைத்தாள்.

மருந்து வேலை செய்தது. ஒரு நாள் காலையில் அவளே தலைவாரிக்கொண்டு வந்து நின்றபோது புருஷன் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைக்கவும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மேஸ்திரி பழைய மெஷினையே கொடுத்தார்.

புகையைப் பற்றி முதலில் புருஷனிடம்தான் சொன்னாள். அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"போய்ச் சொல்லிடு" என்றான்.

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டும். கண்ணு போயிட்டா என்ன பண்ணுவே?"

"கண்ணு போக நாளாகும். கை போக ஒரு வாரம் போதும்."

அவன் செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தான். அவன் வேலை பார்த்த கிடங்கை விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்தது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவனும் மறுபடி "சொல்லிடு" என்று சொல்லவில்லை.

ஆராய்ச்சி அறை மூன்றாவது மாடியில் நடைபாதையின் கோடியில் இருந்தது. அதே பெஞ்சில் இதய மருந்துக்காரர்கள், சிறுநீரக மருந்துக்காரர்கள், தோல் மருந்துக்காரர்கள் என்று எல்லா ஆராய்ச்சிக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிடும் பட்டையின் நிறத்தை வைத்துத்தான் யார் எந்த மருந்து என்று தெரியும். அவளுக்கு மஞ்சள். மஞ்சளில் அவளுக்குப் பழக்கமானவர் டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் வீட்டில் கிடந்தவரை அதே மருந்துதான் திரும்ப வண்டியில் ஏற்றியது. பார்க்கும்போதெல்லாம் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "வண்டி கண்டிஷன்ல இருக்கு தங்கச்சி" என்பார்.

அன்று கையைக் காட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். உனக்குக் கண்ணுல ஏதாச்சும் பண்ணுதா?"

"என்ன பண்ணுதான்னு?"

"நடுவுல புகை மாதிரி. முந்தாநாள் ஒரு சைக்கிள்காரன் எனக்கு முன்னால போய்க்கிட்டிருந்தான். நல்லாப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். பிரேக்கப் போட்டுட்டேன். அப்புறம் பார்த்தா அங்கயேதான் போறான்." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "உனக்கும் இருந்துதுன்னா மருந்துதான்னு ஆயிடும். ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம். ஒருத்தன் சொன்னா வயசுன்னுடுவாங்க, சர்க்கரைன்னுடுவாங்க. எனக்குச் சர்க்கரை வேற இருக்கு."

பெஞ்சின் விளிம்பை அவள் இறுகப் பிடித்தாள். விரல்கள் அழகாக மடங்கின.

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணுமே இல்லயா?"

"இல்லையே. நல்லாத் தெரியுது."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சர்க்கரையாத்தான் இருக்கும்." கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "எதுவா இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகணும் தங்கச்சி. எனக்குப் பின்னாடி ஒரு வண்டி சனம் உக்காந்திருக்கு" என்று எழுந்து உள்ளே போனார்.

பிறகு அவளைக் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே கதவு எப்போதும் ஒருக்களித்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் எழுத்துப் பலகையைச் சத்தமாக வாசிப்பது வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும். எல்லோருக்கும் ஒரே பலகை. தனக்குப் பின்னால் நின்றவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு, அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிறு வயதில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்ததுபோல எழுத்துகளை ஒரு ராகத்தில் கோர்த்துக்கொண்டாள். உள்ளே போய் ராகம் வெளியே வராமல், நடுவில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே தயங்கி, கடைசி வரிக்கு முந்தைய வரிவரை சொன்னாள்.

"இந்த வயசுக்குப் பிரமாதம்மா" என்றார் பரிசோதித்தவர்.

அடுத்த தடவை வந்தபோது பெஞ்சில் டிரைவர் இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுத்து விவரம் எழுதிக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டாள். எந்நேரமும் கோப்புகளை அணைத்துக்கொண்டு நடப்பதால் அவளுக்கு ஃபைல் பொண்ணு என்று பேர். இந்த ஆராய்ச்சி நடக்கும்வரைதான் அவளுக்கும் வேலை; முடிந்தால் வேறு ஆராய்ச்சி தேட வேண்டும்.

"அவரை நிறுத்திட்டாங்கக்கா. மருந்து கட்."

"கண்ணுனாலயா?"

"ஆமா. சர்க்கரையால வந்ததுன்னு எழுதிட்டாங்க. ஒருத்தர்தான சொல்லியிருக்காரு." ஃபைல் பொண்ணு குனிந்து மாத்திரை அட்டைகளை அடுக்கினாள். "இன்னொருத்தர் சொல்லியிருந்தா கதையே வேற. மொத்த ஆராய்ச்சியையும் நிறுத்தி வச்சிருப்பாங்க." அட்டையை நீட்டினாள். வாங்க வந்த அவள் கை நீண்டது சற்றுத் தள்ளி வெறும் காற்றில். ஒரு நொடிதான். உடனே திருத்திக்கொண்டு அட்டையைப் பற்றினாள்.

ஃபைல் பொண்ணு அட்டையை விடவில்லை. இரண்டு பேர் கையும் அதன்மேல் இருந்தன.

"அக்கா, நீங்க எங்கிட்ட ஏதாவது சொன்னீங்கன்னா நான் எழுதியே ஆகணும்."

"தெரியும்மா."

"சொல்ல ஏதாவது இருக்கா?"

அவள் அட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒண்ணும் இல்ல."

ஃபைல் பொண்ணு அட்டையை விட்டாள். மூச்சை விட்டது கேட்டது.

அந்த வருடத்து ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். எல்லாத் துறை டாக்டர்களும் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும் கூட்டம். மேஸ்திரியே வந்து, "கட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், போ, போ" என்று அனுப்பி வைத்தார். மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இதயம், சிறுநீரகம், குழந்தைகள் என்று ஒவ்வொருவராகப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு ஃபைல் பொண்ணு முழங்கையைப் பிடித்து அவளை மேடைக்கு அழைத்துப் போனாள். விளக்கு வெளிச்சத்தில் புகை இன்னும் பெரிதாக இருந்தது.

திரையில் பெரிதாக இரண்டு கைகள். ஓரக்கண்ணால்தான் அடையாளம் தெரிந்தது. அவளுடைய பழைய கைகள். யாருடையது என்று தெரியாதபடி மணிக்கட்டோடு வெட்டி எடுத்திருந்தார்கள்.

"இந்தக் கை இப்ப என்ன செய்யுதுன்னு பாருங்க" என்றார் பெரிய டாக்டர். ஊசியும் நூலும் அவள் கைக்கு வந்தன. "கோர்த்துக் காட்டுங்கம்மா."

நூல் முனையைப் பல்லால் நறுக்கி நாக்கில் நனைத்தாள். ஊசியின் காதை நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, விரல் நுனிகளுக்கிடையில் நூலை அதன்மேல் உருட்டினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை நுழைந்தது. அரங்கு முழுக்கக் கை தட்டியது.

தட்டல் ஓய்ந்ததும் நடு வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கண் பிரிவு டாக்டர்.

"ஒருத்தருக்குப் பார்வை பாதிச்சதா எழுதியிருக்கீங்க. மருந்தால இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவர் சர்க்கரை நோயாளி டாக்டர். மத்த யாருக்கும் அந்தப் புகார் இல்ல." பெரிய டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அன்பாகத்தான் கேட்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. கண்ணு எப்படி இருக்கு?"

ஒலிவாங்கி வாய்க்கருகே வந்தது. பக்கத்தில் ஃபைல் பொண்ணின் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. கிடங்கை வாங்க ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனதாகப் புருஷன் காலையில் சொல்லியிருந்தான். டிரைவரின் குரல் காதில் ஓடியது. ஊசி இன்னும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.

"நல்லா இருக்குங்க" என்றாள். "இப்பத்தானே ஊசி கோத்தேன்."

அரங்கே சிரித்தது. மறுபடி கை தட்டியது. கண் டாக்டரும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டதாக ஃபைல் பொண்ணு படியில் இறக்கிவிடும்போது சொன்னாள். சொன்ன குரலில் சிரிப்பு இல்லை.

தையல் அறைக்குப் போக வெளிநோயாளிகள் கூடத்தைத் தாண்ட வேண்டும். நெரிசலில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

"தங்கச்சி!"

குரலை வைத்துத்தான் தெரிந்தது. பொதுவரிசைப் பெஞ்சில் நீலச் சட்டை, இரண்டு தோள். தோளுக்கு மேல் புகை.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. கையும் மடங்கிடுச்சு." மடியில் கிடந்த கைகளைத் தூக்கிக் காட்டியிருப்பார் போல, சட்டைக் கை அசைந்தது. "பழைய மாத்திரைதான் மறுபடி. விடியக்காலைல இருந்து நம்பர் கூப்பிடறாங்க, என் நம்பர்தான் வந்தபாடில்ல. உன் கை எப்படி?"

"பரவால்லண்ணே."

"பார்த்தாலே தெரியுது. நல்லா இரு." மனதாரத்தான் சொன்னார். "ஒரு உபகாரம் பண்ணு. தொண்டை காஞ்சு கெடக்கு, இந்தத் தண்ணி பாட்டிலத் தெறக்க முடியல."

அவள் பாட்டிலை வாங்கி மூடியை ஒரே திருகில் திறந்தாள். கண்ணை ஓரமாகத் திருப்பினால் அவர் முகம் தெரியும். அப்படிப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. நேராகவே பார்த்துக்கொண்டு பாட்டிலை அவர் வாய்க்குக் கொண்டுபோனாள்.

தண்ணீர் கன்னத்தில் பட்டுக் கழுத்துப் பட்டிக்குள் வழிந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றார்.

நகர்த்தினாள். பாட்டில் தாடையில் இடித்தது. சட்டை மார்பு நனைந்தது.

ஒலிபெருக்கி யாருடைய எண்ணையோ கூப்பிட்டது. பாட்டில் அந்தரத்தில் நின்றது. பிறகு மடங்கிய இரண்டு கைகள் வந்து அவள் மணிக்கட்டை இருபுறமும் இடுக்கின. மெதுவாக, ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல், அவள் கையைத் திருப்பித் தன் வாயருகே கொண்டுபோய் அவர் தண்ணீர் குடித்தார்.