மார்ச் மாதச் சவால்

"பதினோரு ரிப்போர்ட்டையும் திருப்பி வாங்கணும் சார். இன்னைக்கே."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன மேனேஜரின் கை மூடிமேலேயே நின்றுவிட்டது. தண்ணீரைப் பரிசோதித்துச் சான்று தரும் அந்த லேபில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அவர் எடுக்கும் பாடம் ஒன்று உண்டு. லீவு கேள், கையுறை கேள், இன்னொரு ஃபேன்கூடக் கேள். வெளியே போன ரிப்போர்ட்டைத் திருப்பி வாங்கச் சொல்லி மட்டும் கேட்காதே. ஒன்று திரும்பி வந்தாலும் பேர் நாறிவிடும், அப்புறம் ஒரு ஆள் இங்கே பாட்டில் தூக்கிக்கொண்டு வர மாட்டான். ஐந்து மாதத்துக்கு முன்னால், இப்போது எதிரில் நிற்கும் இவளுக்கும் சொன்னார். இவளும் மண்டையை ஆட்டினாள்.

"கதவைச் சாத்து."

"சாத்தியாச்சு சார்."

"மணி ஒண்ணேகால். மனுஷன் ஒரு வாய் வைக்கலாமா கூடாதா?"

"மூணு மணிக்குக் காப்பகத்துப் பசங்க எந்திரிச்சிடுவாங்க சார்."

லேபில் இவளுக்குப் பேரே 'கறார்'தான். ஹலோ சொல்வதைக்கூடச் சண்டைக்குக் கூப்பிடுவதுபோலச் சொல்வாள் என்பார்கள். வீட்டில் டிகிரி என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தது இவள் வாங்கியபோதுதான். கிடங்கில் மூட்டை இறக்கும் அப்பா, முதல் நாள் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்: "படிச்சவங்க எடம். கொரலை உசத்தாத. நிரந்தரம்னு லெட்டர் கையில வர்ற வரைக்கும் நீ ஊமை." ஐந்து மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாகத்தான் இருந்தாள், தன்னால் முடிந்த அளவுக்கு. அந்த லெட்டர் இப்போது மேனேஜர் மேஜைமேல், பேனா ஸ்டாண்டுக்கு அடியில், கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் சுவரில் தொங்கிய பலகை. 'மாதம் ஒரு சவால்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மேனேஜர் எங்கேயோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டுப் புது மனிதராகத் திரும்பி வந்து மாட்டியது. எல்லோரும் சொகுசு வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டுமாம். மாதா மாதம் தனக்குப் பயமானதை ஒரு அட்டையில் எழுதிக் குத்தி, அதைச் செய்து காட்ட வேண்டும். ஜனவரியில் அவர் எழுதியது, முப்பது நாள் பச்சைத் தண்ணீரில் குளிப்பது. தலை சொட்டச் சொட்டத் தினமும் ஒரு போட்டோ வேறு.

"நீ என்னம்மா எழுதப் போற?" என்று கேட்டார்.

"வெந்நீர்ல குளிச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழுந்து, வரிசையில் நின்று குடம் நிரப்பி வளர்ந்தவளிடம் வட்டத்தை விட்டு வெளியே வா என்கிறார்கள். வெளியே வர, முதலில் உள்ளே போயிருக்க வேண்டாமா?

மார்ச்சில் அவரே ஒன்று கண்டுபிடித்தார். பன்னிரண்டாம் தேதி ஒருநாள் எல்லோரும் இடம் மாற வேண்டும். இவள் ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் பேச வேண்டும். ரிசப்ஷன் அக்கா லேபுக்குள் போய் மாதிரி பாட்டில்களைத் தயார் செய்ய வேண்டும். போன் என்றாலே இவளுக்குப் பயம். எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒட்டவில்லை. முப்பது அழைப்பு பேசினாள். பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துப் பொறுப்பாளரிடம் மட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் போன் பண்ணாதம்மா, பசங்க தூங்கற நேரம், ஒருத்தரும் எடுக்க மாட்டோம்" என்று அந்த அம்மா கிசுகிசுப்பாகவே திட்டினார். சாயங்காலம் எல்லோரும் கைதட்ட, இவள் அட்டையில் தங்க நட்சத்திரம் ஒட்டினார் மேனேஜர். வீட்டில்கூடச் சொன்னாள்.

இன்று காலை பதினோரு மணிக்குத்தான் விஷயம் தெரிந்தது.

குளோரின் போட்ட தண்ணீரை வெறும் பாட்டிலில் பிடிக்கக் கூடாது. லேபுக்கு வந்து சேரும் வரை குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும். சோதித்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டும். அதனால் பாட்டிலை, நீராவியில் கிருமி நீக்கும் கலனில் வைப்பதற்கு முன்பே, குளோரினை முறிக்கும் மருந்து இரண்டு சொட்டு விட வேண்டும். வாராவாரம் விட்ட நாளில் மருந்துக் குப்பியில் மட்டம் எதுவரை இறங்கியது என்று ஒரு கோடும் தேதியும் போடுவது இவள் வழக்கம். இந்த வாரப் பாட்டிலுக்காகக் குப்பியைக் கையில் எடுத்தாள். ஐந்தாம் தேதிக் கோடு இருந்தது. மருந்தும் சரியாக அந்தக் கோட்டிலேயே நின்றது.

ரிசப்ஷனுக்கு ஓடினாள். "அக்கா, பன்னெண்டாம் தேதி சொட்டு விட்டீங்களா?"

"எந்தச் சொட்டு?"

இவள் எழுதிக் கொடுத்த தாளை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். கழுவு, அலசு, காய வை, மூடியைத் தளர்வாகப் போடு என்று எட்டு வரி. சொட்டைக் காணோம். தினமும் கை தானாகச் செய்கிற வேலை. எழுத உட்கார்ந்தபோது மண்டைக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

அந்தப் பாட்டில்களில் வந்த பதினோரு இடத்துத் தண்ணீரும் சுத்தம் என்று சான்று போயிருந்தது. காப்பகம் அதில் ஒன்று. போன மாதம் அங்கே ஒன்பது குழந்தைகளுக்கு வாந்தி பேதி. தொட்டியைக் கழுவி, குளோரின் கொட்டி, குழாயைப் பூட்டிவிட்டு, கேன் தண்ணீரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தாநாள் சான்றை வாங்கியபோது அந்தப் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை பசங்க தூங்கி எந்திரிச்சதும் குழாயைத் திறந்துடுவோம். கேன் தூக்கித் தூக்கி ஆயாவுக்கு இடுப்பே போச்சு."

இன்று வெள்ளிக்கிழமை.

மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டார். டப்பாவை மூடினார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா வந்து கதவோரமாக நின்று முந்தானையைத் திருகினாள்.

"நீயாம்மா பாட்டில் ரெடி பண்ணின?"

"தாள்ல இருந்தத அப்படியே செஞ்சேன் சார்." இவள் பக்கம் திரும்பிக் கெஞ்சினாள். "கறாரு, என்னைக் கோத்து விட்டுடாதடி."

"உங்க மேல ஒண்ணும் இல்லக்கா. தாள் எழுதினது நான்."

"அப்படிச் சொல்லு!" மேனேஜர் குரலில் சட்டென்று தெம்பு வந்தது. "உன் கையெழுத்து, உன் தப்பு. திருப்பி வாங்கினா முதல்ல உருள்றது உன் தலைதான். அது புரியுதா உனக்கு?"

"புரியுது சார். என் தலைதானே, நான் பார்த்துக்கறேன். ரிப்போர்ட்ட வாங்குங்க."

"இங்க பாரு. குளோரின் இருந்ததாலதான பூஜ்யம் வந்துச்சு? அப்போ தண்ணியில குளோரின் இருக்கு. இருந்தா நல்ல தண்ணிதான? எதுக்கு ஊரைக் கூட்டற?"

"பாட்டில்ல அது ஆறு மணி நேரம் கெடந்துச்சு சார். குழாயிலேர்ந்து கொழந்தை வாய்க்குப் போக ரெண்டு செகண்டு."

மேனேஜர் டப்பாவை ஓரமாகத் தள்ளினார்.

"கெட்டுப் போயிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏய், கொரலைக் கொறை."

குறைத்தாள். அப்பா சொன்னதும் அதுதானே என்று எரிச்சலாக வந்தது.

அவர் பேனா ஸ்டாண்டை நகர்த்தி, லெட்டரை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். குரலில் தேன் வடிந்தது. "நீ நல்ல பொண்ணு. நல்லா வருவ. திங்கக்கிழமை நாமளே ரொட்டீன் செக்னு சொல்லிப் புதுசா தண்ணி பிடிச்சுட்டு வருவோம். எதுவும் இருந்தா அப்போ சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். யாருக்கும் சேதமில்ல. இப்போ கையெழுத்துப் போடட்டுமா?"

வெள்ளி, சனி, ஞாயிறு என்று இவள் மனசு எண்ணியது. காகிதத்தைப் பார்த்தாள். தன் முழுப் பேர் தப்பில்லாமல் அச்சாகியிருந்தது. இதை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆகும், ஆனாலும் படிப்பார்.

"நாலு வயசு அதுங்களுக்கு. திங்கக்கிழமை வரைக்கும் குடிக்கும் சார்."

"என்னம்மா, இதான் உன் இந்த மாச சவாலா?"

"என் சவாலுக்கு நீங்கதான் நட்சத்திரம் ஒட்டிட்டீங்களே. இது உங்களுக்கு சார். போனை எடுத்து, தப்பு நடந்துடுச்சுன்னு பதினோரு பேருக்கும் சொல்லுங்க. பச்சைத் தண்ணிய விட நல்லா ஜில்லுனு இருக்கும்."

கதவோரம் அக்கா சிரிப்பை இருமலாக மாற்றினாள். மேனேஜர் முகம் கறுத்தது. லெட்டரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு, டமாரென்று சாத்தினார்.

"இந்த வாசலைத் தாண்டினேன்னா திங்கக்கிழமை வராத."

கடிகாரத்தில் ஒன்று நாற்பது. காப்பகத்துக்கு நடந்தால் அரை மணி. இப்போது போன் அடித்தால் ஒருத்தரும் எடுக்க மாட்டார்கள். அதுவும் நட்சத்திரம் வாங்கிய அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான்.

கைப்பையைத் திறந்து ஒரு கத்தைத் தாளை மேஜைமேல் வைத்தாள். பதினோரு கடிதத்தின் நகல். எங்கள் சான்றை நம்ப வேண்டாம், மறுபடி சோதிக்கும் வரை இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், தவறு என்னுடையது என்று கைப்பட எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அசல் பையிலேயே இருந்தது. பக்கத்தில், காப்பகத்தில் புதிதாகத் தண்ணீர் பிடிக்க, துணி சுற்றிய ஆறு பாட்டில். பன்னிரண்டு மணிக்கே இரண்டு சொட்டு விட்டு, நீராவிக் கலனில் வைத்து எடுத்தது. இன்னும் சூடு முழுதாக ஆறவில்லை. மருந்துக் குப்பியில் புதுக் கோடும் தேதியும் போட்டாகிவிட்டது.

"முத்திரை வச்சுத் தருவீங்களான்னுதான் சார் கேக்க வந்தேன்" என்றாள்.

மேனேஜர் தாளைப் புரட்டிப் பார்த்தார். முத்திரைப் பக்கம் கை போகவில்லை. அக்கா கதவை விட்டு அரை அடி நகர்ந்து வழிவிட்டாள்.

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வீசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். இவள் கழற்றவில்லை. காப்பகத்து வாசலில் நீ யார் என்று கேட்டால் காட்ட வேண்டும். அட்டையை நேராக்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.