அப்பாக்கள் லீவு

எங்கள் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு நாள் அப்பாக்களுக்கு விடுமுறை. அதை வாங்கித் தந்த புண்ணியவதி என்று என்னைச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

நான் அங்கே ஷிப்டு சூப்பர்வைசர். என் கீழ் வேலை பார்த்தவர்களில் ஒருவரை விசில்காரர் என்போம். இயந்திரச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. விரலை வாயில் வைத்து அவர் ஒரு விசில் அடித்தால்தான் பாட்டில்கள் ஓடும் பெல்ட் நிற்கும். மனைவியை இழந்தவர், ஒரே மகள்.

ஒருமுறை விரிசல் விட்ட பாட்டில்களை நான் கவனிக்காமல் விட்டேன். அவர் பெல்ட்டை நிறுத்தி, "கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க மேடம்" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த வாரமே அரைநாள் லீவு கேட்டு வந்தார்.

"பொண்ணுக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம். நான் வந்து நின்னாத்தான் ஓடுவேங்கிறா."

"மாத்து ஆள் இல்லைங்க."

பொய். இரண்டு பேர் சும்மா இருந்தார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பந்தயத்துக்கு மறுநாள் அவரே சொன்னார். பந்தய விசில் ஊதியும் அந்தப் பெண் ஓடவில்லையாம். பள்ளி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "நான் லீவே கேட்டிருக்க மாட்டேன்னு நெனைக்கிறா. ஷூவையே தொட மாட்டேங்கிறா."

சொன்ன பொய் உறுத்த, மேலாளரிடம் போய் அப்பாக்களுக்கு ஒரு நாள் கேட்டேன்.

"அப்புறம் சித்தப்பா, பெரியப்பால்லாம் வரிசையில வருவாங்களே!" என்று சிரித்தார். ஆறு மாதம் நச்சரித்து வாங்கினேன். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் வருடம், விடுமுறைக்கு முந்தின நாள் கூட்டம். விசில்காரரே மைக்கைப் பிடித்து எனக்கு நன்றி சொன்னார். கைதட்டல் என்னைக் குத்திக் கிழித்தது. கூட்டம் கலைந்ததும் அவரைச் சாமான் அறைப் பக்கம் அழைத்துப் போனேன்.

"அன்னைக்கு ஆள் இருந்தாங்க. வேணும்னேதான் உங்கள விடல."

"தெரியும் மேடம். மாத்து ஆளுங்க லிஸ்ட் உங்க மேசையில விரிச்சுக் கிடந்துச்சு. எனக்குத் தலைகீழாவும் படிக்க வரும்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"வேலை போயிட்டா?"

"இன்னைக்கு நன்றி சொன்னீங்களே?"

"மத்தவங்க சொல்லச் சொன்னாங்க."

மகளைப் பற்றிக் கேட்டேன். ஹாஸ்டலில் படிக்கிறாள். இந்த லீவு நாளுக்கு வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால், "இப்ப எதுக்குப்பா?" என்கிறாளாம்.

"நான் வந்து அவகிட்ட சொல்லட்டுமா?"

"வாங்க. மன்னிப்பாளான்னு மட்டும் எதிர்பாக்காதீங்க."

மறுநாள் ஹாஸ்டல் வரவேற்பறையில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு லீவு கேட்டியாப்பா நீ?"

"கேட்டேன்மா."

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பஸ் பிடித்துத் தனியாகத் திரும்பினேன்.