ஒன்றரை சென்டிமீட்டர்

"நான் வளரவே இல்ல," என்றாள் அந்த ஒன்பது வயதுக்காரி. பல் விழுந்த வாயில் அவ்வளவு திமிர்.

குழந்தைகளின் ஹார்மோன் குறைகளுக்கு வைத்தியம் பார்ப்பதும் மருந்து தேடுவதும் என் வேலை. பன்னிரண்டு வருடம் உழைத்து உருவாக்கிய வளர்ச்சி ஊசியை ஆறு மாதமாகக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கிறேன். போட்டவர்கள் போடாதவர்களைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். ஆய்வுக் கட்டுரை தயார். நாளைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் ஒரு பொடிசு வந்து என்னை எதிர்த்துப் பேசுகிறது!

"சுவத்துல இருக்கற அளவுகோல் பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"எங்க வீட்டுக் கதவு மட்டும் சொல்லுமா?"

அம்மாக்காரி அவள் தோளை அமுக்கினாள். "மாசாமாசம் கதவுல கோடு போடுறோம் டாக்டர். நூலளவுதான் ஏறியிருக்கு. தினம் குத்திக் குத்தித் தொடையெல்லாம் கன்னிப்போச்சு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இவர்கள் வாயை அடைக்கவே அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து பிடித்தேன். அளவுகோலில் நூறு என்றிருந்த கோடு நாடாவில் தொண்ணூற்றெட்டரையில் நின்றது.

மறுபடி பிடித்தேன். அதேதான். வாசலைப் பார்த்தேன், வராந்தாவைவிட அறை விரலளவு உயர்ந்திருந்தது. குழந்தைகளுக்கு முதல் அளவு எடுத்த மறுவாரம், பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அளவுகோலை யாரும் தொடவில்லை. ஊசி போடாத குழந்தைகளைக் கீழ்த்தளத்தில் அளந்தோம். அங்கே தரை மாறவில்லை. வளர்ந்தது பிள்ளைகள் இல்லை, தரை. ரத்தத்தில் கண்ணுக்கே தெரியாததை அளக்கிற எனக்குக் காலடியில் இருந்தது தெரியவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

நேராக மருத்துவமனை இயக்குநர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஒன்றரை சென்டிமீட்டர்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்த ஒன்றரைதான் சார் நம்ம மொத்த முடிவும்."

"பன்னிரண்டு வருஷ உழைப்பு மண்ணாப் போகும். அடுத்த துறைத் தலைவர் நீங்கதான்னு பேச்சு வேற. கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க, போதும்."

"நான் வாயை மூடினா, ஊர்ப் பிள்ளைங்க தொடையெல்லாம் கன்னிப்போகும். என் கையெழுத்துல அது நடக்காது."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு. நீங்க கட்டுரையை அனுப்பினீங்கன்னா, டைல்ஸ் கதையை நானே எல்லாருக்கும் எழுதுவேன்."

திரும்பும்போது பராமரிப்பு அறையிலிருந்து ஒரு திருப்புளி வாங்கி வந்தேன். அம்மாவும் மகளும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிலேர்ந்து ஊசி கிடையாது," என்றேன். "தப்பு என்னோடது. கதவு சொன்னதுதான் சரி."

"அப்ப இவ வளரவே மாட்டாளா?" அம்மாவின் குரல் உடைந்தது.

"தெரியலம்மா. முதல்லேர்ந்து தேடணும். தேடுவேன். விடமாட்டேன்."

அளவுகோலைக் கழற்றினேன். நாடாவின் ஒரு முனையைச் சிறுமி தரையோடு அழுத்திப் பிடித்தாள். சரியான இடத்தில் திரும்ப மாட்டினேன்.

"நிமிர்ந்து நில்லு."

நின்றாள். காலையில் எழுதியதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. புது நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் அதை எழுதினேன்.