வெளியே போன பிள்ளை

தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில் குஞ்சம்மா நிற்பதை ஆரோக்கியசெல்வி பார்த்தாள். கிளிஞ்சல்மேட்டுக்காரி. காலி மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

"டீச்சரம்மா, எம் புள்ள சொர்ணம் இங்க வந்துச்சா?"

"இல்லையே. ஸ்கூலுக்குப் போவலையா?"

"காலைல போச்சும்மா. புது டீச்சர் முட்டிபோடச் சொன்னாங்களாம். ஒண்ணும் பேசாம எழுந்து வெளிய போயிட்டாளாம். ஊட்டுக்கும் வரல."

செல்வி செருகிய தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரால் மேரி என்றே சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் பத்து வருடம் பள்ளிக்கூடம். அடங்காத பிள்ளைகளை எல்லா வகுப்பிலிருந்தும் அவளிடம்தான் அனுப்புவார்கள். பிரம்பைத் தொடாமல் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரே கடைசியில் பாரமாகிவிட்டது. தருமபுரத்து வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் ஏதாவது ஒரு பிள்ளையின் முகம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும். தாள்களோடு மட்டும் இருக்கும் ஒரு வேலை வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

ஆறாம் வகுப்புக்கு வந்த புதிதில் சொர்ணம் பக்கத்துப் பெண்ணின் கையை ரத்தம் வரக் கடித்தவள். கோபம் வந்தால் கையை ஓங்காதே, எழுந்து வெளியே போய்விடு, என்னிடம் வந்து நில் என்று செல்வி பழக்கினாள். முதலில் கதவை உதைத்துவிட்டு வந்தாள். போகப்போக வெறுமனே வந்தாள். மேசையோரம் நின்று மூச்சு ஆறியதும் தானே திரும்பிப் போனாள். வேலையை விடப்போவதைச் சொன்ன அன்று எதையாவது தூக்கி எறிவாள் என்று செல்வி பயந்திருந்தாள். "சரிங்க டீச்சர்" என்றாள் சொர்ணம். அவ்வளவுதான். பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள் மற்ற ஆசிரியைகள். செல்விக்கு மட்டும் அந்தச் 'சரிங்க' நம்பும்படியாக இல்லை.

தலைமை எழுத்தர் சோமசேகரன் விஷயத்தைக் கேட்டதும், "போங்கம்மா, முதல்ல புள்ளயப் பாருங்க" என்றார்.

இரண்டு பேரும் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டே அரசலாற்றுப் பாலத்துக்கு வந்தார்கள். ஐப்பசி மழையில் ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. வாழைமரம் ஒன்று வேரோடு சுழன்று பாலத்துக்கு அடியில் புகுந்து காணாமல் போனது. செல்வி அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலத்தின் முனையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர், "நீலப் பாவாடை போட்ட பொண்ணா? கரையோரமா கடலுக்குப் போற பக்கம் போச்சே. கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

குஞ்சம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

ஆறு கடலில் விழும் இடத்தில் சொர்ணம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். முகம் கடலைப் பார்த்து இருந்தது. கத்தப்போன குஞ்சம்மாவின் வாயைச் செல்வி பொத்தினாள். கூப்பிட்டால் திரும்புவாளா, இல்லை இன்னும் உள்ளே போவாளா? எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைப் படித்தவளுக்கு இந்த முதுகைப் படிக்கத் தெரியவில்லை. குஞ்சம்மாவின் தோளை அழுத்தி அங்கேயே நிறுத்திவிட்டுச் சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். காலடி மணலை அலை உருவிக்கொண்டு போனது. பக்கத்தில் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். சொர்ணம் உதறவில்லை.

"யாரையும் அடிக்கல டீச்சர்."

"தெரியும்டா."

"வெளிய போன்னு சொல்லிக் குடுத்தீங்க. வந்துட்டேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரியல. நடந்துகிட்டே இருந்தேன்."

ஓர் அலை வந்து இரண்டு பேரின் இடுப்பையும் நனைத்தது. செல்வி பிடியை இறுக்கி ஓர் அடி பின்னால் வைத்தாள். சொர்ணமும் வைத்தாள். அப்படியே முதுகுப் பக்கமாகவே, கடலைப் பார்த்தபடியே, கரைக்கு வந்தார்கள்.

குஞ்சம்மா அடிக்கவில்லை. அழவும் இல்லை. மகளின் முன்னால் மணலில் குந்தி அவள் பாவாடையைச் சுருட்டிச் சுருட்டிப் பிழியத் தொடங்கினாள்.

"நாளைக்கும் அந்த டீச்சர்தான் இருப்பாங்க" என்றாள் சொர்ணம்.

குஞ்சம்மா பிழியப் பிழியத் தண்ணீர் விழுந்தது. விழுந்த இடத்திலேயே மணல் அதைக் குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது. செல்வியின் கை இன்னும் அந்த மணிக்கட்டைச் சுற்றித்தான் இருந்தது. உள்ளே நாடி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது பிள்ளையுடையதா தன்னுடையதா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.