ஆயர் கோட்டைக் காவலர்

லாரா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கப் பார்த்தாள். கோட்டைக் கதவைப் பூட்டித் திறக்கும் இரும்புத் திறப்பை அவர் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். காய்ச்சலில் கிடந்த அப்பா அலோசியஸ் கட்டிலில் சுருண்டார்.

“திறக்காதை பிள்ளை. அவங்கள் வந்திட்டாங்கள்.”

“எங்கடை குருவானவர் யூட் சுவாமிதான் அப்பா. காலமை நீங்கள்தானே வரச்சொன்னனீங்கள்.”

“அண்டைக்கும் சுவாமி மாதிரி உடுத்துக்கொண்டுதான் வந்தவங்கள்.”

அது இந்தக் கோட்டையின் கதை. எழுநூறு வருடங்களுக்கு முன் ஒரு கத்தோலிக்க ஆயர் மதிலெழுப்பி, கோபுரம் கட்டி, உள்ளே ஒளிந்திருந்தார். வரி தாங்காத ஊர்ச்சனம் குருவானவர் வேடத்தில் ஆளனுப்பியது. வாயில்காவலன் நம்பித் திறந்தான். விடியுமுன் ஆயரும் இல்லை, அவனும் இல்லை. நாட்டைவிட்டு வந்து இந்தக் கோட்டையைப் பராமரிக்கத் தொடங்கிய நாள்முதல், பார்க்க வருகிறவர்களிடம் அப்பா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். போர்க்காலத்தில் மன்னாரில் தன் வீட்டுக் கதவைத் தட்டியவர்களைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. இன்று காய்ச்சலில் இரண்டு கதவும் ஒன்றாகிவிட்டன.

அவர் அமைதியாகட்டும் என்று பின்னேரம் கதவைப் பூட்டி, திறப்பைக் கையில் கொடுத்தவளும் அவள்தான். என்ன மடத்தனம்! ஓல்டன் முதியோர் இல்லத்தில் வேலைசெய்து எத்தனையோ கடைசி மூச்சுகளைப் பார்த்தவள். இந்த உடம்பு இனித் தாங்காது என்று தெரிந்தது. சாகுமுன் குருவானவர் எண்ணெய் பூசும் நோயில்பூசுதல் கிடைக்காமல் போய்விடுவாரோ? திறப்பைப் பிடுங்கினால் பயத்திலேயே போய்விடுவாரே!

ஜன்னலைத் திறந்தாள்.

“சுவாமி, தட்டாதேங்கோ! தமிழிலை செபமாலை சொல்லுங்கோ. கத்திச் சொல்லுங்கோ!”

பனிக்குள் நின்ற யூட் சுவாமி ஒரு கணம் விழித்தார். பிறகு மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தைச் செபத்தின் முதற்பாதியை உரக்கச் சொல்லி, வழக்கம்போல நிறுத்தினார். மறுபாதி சனங்கள் சொல்ல வேண்டியது.

அலோசியஸின் உதடுகள் அசைந்தன. கரகரத்த குரலில் மறுபாதியை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கீழிருந்து மீண்டும் முதற்பாதி வந்தது. மீண்டும் அவர் முடித்துவைத்தார்.

“எங்கடை சுவாமிதான். ஓடிப்போய்த் திற பிள்ளை. குளிருக்கை நிக்கிறார்.”

விரல்கள் தளர்ந்தன. லாரா திறப்பை எடுத்துக்கொண்டு கற்படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். பூட்டில் திறப்பு இரண்டு தரம் இடறியது.

அவர்கள் மேலே வந்தபோது அப்பாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. சுவாமி எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். அப்பாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சிமிழை மூடினார். முழந்தாளிட்டு முதற்பாதியைச் சொன்னார். வழக்கம்போல நிறுத்தினார்.

லாரா மறுபாதிக்குக் காத்திருந்தாள். திறப்பில் அப்பாவின் சூடு இன்னும் இருந்தது.