முதல் படம் பெறுபவர்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை, எழுதச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸ் மகளிர் கலை வட்டத்துக்கு இந்த 1993இல் பத்தாம் ஆண்டு விழா. சிறப்பு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று தலைவி மெய்யம்மை ஆச்சி கிள்ளானில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். "நம்ம பிள்ளைங்க எப்படி மேல வந்தாங்கன்னு எழுதும்மா. படிச்சா தெம்பு வரணும். அழுகையெல்லாம் வேணாம் லா."

சரி என்றேன். பிறகுதான் உறைத்தது: வட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். அதுவும் நேரில் பார்த்ததில்லை, காதில் விழுந்தது.

2

முதல் தொடக்கம்: செந்தூல் ரயில்வே குடியிருப்பின்மீது கதிரவன் தன் பொற்கரங்களை —

வேண்டாம். கதிரவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: சந்திரகலாவுக்குச் சிறுவயது முதலே ஓவியத்தின்பால் அளவற்ற —

இது வரவேற்புரை மாதிரி இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன். சந்திரகலா செந்தூல்காரி. சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவாள். ஒரு வருஷத்து ஞாயிறுகளைத் தின்ற படம் ஒன்று உண்டு: தொழிற்சாலை பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் பெண்கள். அதை இளம் ஓவியர்களுக்கான நாடு தழுவிய தேர்வுக்குக் கொடுக்கப்போகிறாள். திங்கட்கிழமை கடைசி நாள். முப்பதைத் தாண்டியவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வருஷம்.

(முப்பது வயது என்றதும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன்.)

3

வட்டத்துப் பெண்களைக் கெட்டவர்களாக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர்கள் நல்லவர்கள், அதுதான் என் தலைவலி. சந்திரகலாவின் படங்களை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னதே ஆச்சிதான். கண்காட்சிக்கு மண்டபம் பிடித்தது, படங்களுக்குச் சட்டம் போட்டது, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி வாங்கித் திரை தைத்தது, வருபவர்களுக்கு மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டியது எல்லாம் அவர்கள். ஆனால் அவர்களுக்கு நடத்தத் தெரிந்த விழா ஒன்றுதான்: நூல் வெளியீடு.* ஓவியக் கண்காட்சியையும் அப்படியே நடத்தினார்கள். அழைப்பிதழில் 'முதல் படம் பெறுபவர்' என்று போட்டு, அரசு கொடுக்கும் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரின் பெயரை அச்சடித்தார்கள்.

* வெளியூர் வாசகருக்கு: எங்கள் நூல் வெளியீடுகளில், பளபளக்கும் தாளில் சுற்றிய முதல் நூலைப் பிரமுகர் ஒருவர் பிரித்துப் பெற்றுக்கொள்வார். பிறகு மற்றவர்கள் கையில் பண உறையோடு வரிசையில் வந்து ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். டத்தோவுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஊரில் டத்தோக்கள் அதிகம். யாராவது தன்னைத்தான் சொல்கிறாள் என்று கோபித்துக்கொள்வார்.

4

விழா நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரகலா பஸ் படத்தையும் கொண்டுவந்தாள். அதில் தூங்கிய பெண்களில் சிலர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பார்க்க வேண்டுமே. செயற்குழுவில் இருந்த பவுனம்மாளிடம் கொடுத்தாள்.

"அக்கா, இத மட்டும் தனியா வைங்க. மத்ததோட கலக்க வேணாம்."

"கவலப்படாத லா. தனியாவே வைக்கிறேன்."

வைத்தார். தங்கநிறத் தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, மேடை நடுவில் தனியாக வைத்தார். விருந்தாளிக்கு என்று கறியைத் தனியாக எடுத்து வைப்பார்களே, பவுனம்மாளுக்கு அந்தத் தனிதான் தெரியும்.

(நம்பும்படி இருக்கிறதா? அவர் வேண்டுமென்றே செய்ததாக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அவர் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அடித்துவிட்டேன்.)

5

டத்தோ ரிப்பனை இழுத்தார். தாள் விலகியதும்தான் உள்ளே இருப்பது பஸ் படம் என்று சந்திரகலா பார்த்தாள். டத்தோ படத்தைத் தூக்கிக் காட்டினார். கைத்தட்டல். அதற்குள் கீழே வரிசை சேர்ந்துவிட்டது. முன்னால் நின்ற கன்னையா என்பவர் உறையை நீட்டினார்.

"ஆச்சி, எனக்கு ரெண்டு காப்பி. ஒண்ணு ஸ்கூல் லைப்ரரிக்கு."

"காப்பி இல்லண்ணே. ஒண்ணுதான்."

"ஏன், அச்சடிக்கலயா?"

எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சந்திரகலா சிரிக்கவில்லை. டத்தோவின் டிரைவர் படத்தை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடக்கிறார். ஆச்சி அவள் காதில், "வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்கு மண்டபம் எடுத்துத் தரேன்னு டத்தோ சொல்லியிருக்காரு. ஏற்புரைய சுருக்கமா பேசு, என்ன" என்று சொல்லி மைக்கைக் கொடுக்கிறார்.

எங்கள் நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை உண்டு. மறுப்புரை என்று ஒன்று கிடையாது.

6

முடிவு அ: அவள் நன்றி சொல்லிவிட்டு உட்காருகிறாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புதுப் பெண்ணின் படங்கள் அந்த மண்டபத்தில் தொங்குகின்றன. மலருக்குப் பொருத்தமான முடிவு. பஸ் படம் டத்தோ வீட்டுச் சாப்பாட்டு அறையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

முடிவு ஆ: டத்தோ கண்கலங்கி, "மகளே, உன் திறமையை நான் —"

சீ.

உண்மையில் என்ன நடந்தது என்று, எனக்கு இதைச் சொன்னவரிடமே கேட்டேன். அவர் அதற்குள் சாப்பிடப் போய்விட்டாராம். ஆகவே நானே எழுதுகிறேன், பயந்துகொண்டே:

"எல்லாருக்கும் வணக்கம். டத்தோ மன்னிக்கணும். அந்தப் படம் குடுக்கறதுக்கு இல்ல. எனக்குத் திரும்ப வேணும்."

சொல்லிவிட்டாள். டிரைவர் நின்றுவிட்டார். டத்தோ ஆச்சியைப் பார்க்கிறார், ஆச்சி தரையைப் பார்க்கிறார். அடுத்த வருஷம் மேடையேற வேண்டிய பெண்கள் சுவரோரம் நிற்கிறார்கள். பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

அவள் மட்டும் கேட்டால் திமிர் என்பார்கள். கூட ஒருவர் பேசினால் யோசிப்பார்கள். அந்த ஒருவரை நான் உருவாக்கலாம்தான். ஆனால் இந்தக் கதையில் இருக்கிற எல்லோருக்கும் ஆச்சியிடம் நன்றிக்கடனும் பயமும் இருக்கிறது, எனக்கும் சேர்த்து. உங்களுக்கு இல்லை. நீங்கள் கன்னையாவுக்குப் பின்னால், கையில் உறையோடு நிற்கிறீர்கள். டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள்.